டிரெய்லர் விளக்குகள்: மூன்று வயர், மூன்று பழுது

பின்விளக்கு அணைந்திருக்கும்வரை பெரிய குறை எதுவும் தெரியாது. அதைப் போட்டுவிட்டு இடது இண்டிகேட்டரைத் தட்டினால், இடது பக்கம் சிமிட்டும் ஒவ்வொரு முறையும் வலது பக்கத்துப் பின்விளக்கு மங்கித் தெளியும். பிரேக்கை மிதித்தால் வெளிச்சம் கூடுவதற்குப் பதிலாக இரண்டு பக்கமும் சோர்ந்துபோகும். வலது இண்டிகேட்டர் தனக்குத் தோன்றினால் எரியும். மேடுபள்ளமான சாலையில் பின்விளக்கு ஃபியூஸ் போய்விடும்.

இத்தனைக்கும் அது சிறிய இரு சக்கர டிரெய்லர். பின்னால் இரண்டு விளக்குக் கூடுகள், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு அடையாள விளக்குகள், ஒரு நம்பர் பிளேட் விளக்கு, அவ்வளவுதான். இழுக்கும் வண்டிக்கும் அதற்கும் நடுவே நான்கு வயர் கொண்ட பட்டை பிளக். வெள்ளை எர்த் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி), பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடது இண்டிகேட்டரும் பிரேக்கும், பச்சை வலது இண்டிகேட்டரும் பிரேக்கும். வட அமெரிக்காவில் பரவலான முறை இது. இதில் பிரேக்குக்கென்று தனி வயர் கிடையாது. பிரேக்கும் இண்டிகேட்டரும் பல்பின் ஒரே இழையில் எரியும். வண்டியிலோ இண்டிகேட்டர் தனி, பிரேக் தனி. ஆகவே இரண்டையும் சேர்த்து மஞ்சளுக்கும் பச்சைக்கும் அனுப்பும் கன்வெர்ட்டர் பெட்டி ஒன்று பின்பம்பருக்கு உள்ளே இருக்கிறது. இந்தப் பெட்டியை மறந்துவிட வேண்டாம், பிறகு வருகிறது.

இப்படிப்பட்ட நேரத்தில் பலரும் முதலில் பல்பை மாற்றுவார்கள். பல்பு இரண்டு மூன்று மாறிய பிறகு கன்வெர்ட்டரை மாற்றுவார்கள். அதன் பிறகு வயரிங் முழுவதையும் பிய்த்துப் போடுவார்கள். என் வழி வேறு. டிரெய்லரின் மின்சாரம் பிளக்கில் இரண்டாகப் பிரிகிறது. அதைக் கழற்றிவிட்டால் பழுது வண்டியிலா டிரெய்லரிலா என்ற கேள்விக்குத் தனித்தனியாகப் பதில் வாங்கிவிடலாம். சேர்த்து வைத்துச் சோதித்தால் இரண்டு பக்கமும் பழியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது விதி, எதை அளந்தாலும் பல்பு எரியும் நிலையில்தான் அளக்க வேண்டும். டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை பொதுவாக 10 மெகாஓம். 12 வோல்ட்டை அளக்கும்போது அது இழுக்கும் மின்னோட்டம் ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவே. பத்தொன்பது நார் அறுந்து ஒரே நார் மிஞ்சியிருக்கும் வயரில்கூட அவ்வளவு மின்னோட்டம் சிரமமில்லாமல் போகும். மீட்டர் 12 வோல்ட் என்று சொல்லும். நாமும் வயர் நன்றாக இருக்கிறது என்று நம்பி அடுத்த இடத்துக்குப் போய்விடுவோம். அதே வயரில் 21 வாட் பல்பைத் தொங்கவிட்டு 1.75 ஆம்பியர் கேட்டால்தான் உண்மை வெளியே வரும். அதனால் பழைய ஹோல்டர் ஒன்றில் 21 வாட் பல்பைப் போட்டு, இரண்டு முதலைக் கிளிப்புகளோடு சோதனை விளக்கு ஒன்று செய்து வைத்திருக்கிறேன். கடைகளில் பேனா வடிவில் கிடைப்பதில் இருக்கும் குட்டி பல்பு இந்த வேலைக்குப் போதாது.

முதலில் வண்டிப் பக்கம். பட்டை பிளக்கில் வண்டியின் முனையைப் பார்த்தால் மூன்று துளைகள் ரப்பருக்குள் மறைந்திருக்கும், ஒரே ஒரு ஊசி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வெளியே தெரிவது எர்த். மின்சாரம் வரும் மூன்றும் உள்ளே ஒளிந்திருப்பதால், பிளக் தவறிக் கீழே தொங்கி உலோகத்தில் உரசினாலும் ஷார்ட் ஆகாது. டிரெய்லர் பக்கம் இதற்கு நேர்மாறு.

சிமிட்டும் விளக்கை வைத்து வோல்டேஜ் அளப்பது வீண் வேலை. மீட்டர் எண்கள் குதித்துக்கொண்டே இருக்கும். பிரேக்கை மிதித்தால் மஞ்சள், பச்சை இரண்டிலும் நிலையான மின்சாரம் வரும். தம்பியை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து மிதிக்கச் சொன்னேன். ஆள் இல்லாதவர்கள் பெடலுக்கும் இருக்கைக்கும் நடுவே ஒரு கட்டையை முட்டுக் கொடுக்கலாம்.

பல்பு இல்லாமல் அளந்தபோது மஞ்சள், பச்சை இரண்டிலுமே 12.4 வோல்ட். சோதனை விளக்கை மாட்டியதும் மஞ்சள் 12-இல் நின்றது. பச்சை 5-க்குச் சரிந்தது. பல்பின் இழை சிவந்தது, வெளிச்சம் இல்லை. கிளிப்பை வெள்ளை ஊசியிலிருந்து எடுத்து வண்டிச் சேசிஸின் சுத்தமான போல்ட்டில் மாட்டியும் அதே 5 வோல்ட்தான். ஆகவே வண்டிப் பக்கத்து எர்த்தில் குறை இல்லை. பச்சையில்தான் தடை இருக்கிறது.

இங்கேதான் கன்வெர்ட்டர் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருப்பது உதவுகிறது. வண்டியின் விளக்கு வயர்களிலிருந்து இந்தப் பெட்டி வாங்குவது சைகை மட்டுமே. டிரெய்லர் பல்புகளுக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ் வழியாக நேராக வருகிறது. வண்டியின் மெல்லிய வயர்கள் டிரெய்லரின் சுமையைத் தாங்க வேண்டியதில்லை என்பதற்காகவே இந்த ஏற்பாடு. பேட்டரி வயரிலோ அதன் ஃபியூஸ் கூட்டிலோ பழுது என்றால் மஞ்சளும் சேர்ந்து சரிந்திருக்கும். மஞ்சள் நன்றாக இருக்கிறது. அப்படியென்றால் தடை பெட்டியின் பச்சை வெளிவழியில், அல்லது அதிலிருந்து பிளக் வரையுள்ள வயரில். பெட்டியிலிருந்து பச்சை வெளியே வரும் இடத்தில் ஊசியால் குத்தி, பல்பு எரியும்போதே அளந்தேன்: 12.1. பெட்டி குற்றமற்றது. அதைக் கழற்றிப் புதிது வாங்கிப் போட்டிருந்தால் பணமும் போயிருக்கும், பழுதும் அப்படியே இருந்திருக்கும்.

பிளக்கிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பச்சை வயரை வளைத்தபோது சோதனை விளக்கு பளிச்சென்று வந்து மறுபடி மங்கியது. வயரின் மேலுறையை நீளவாக்கில் கீறிப் பார்த்தால் உள்ளே செம்பு இல்லை, களிம்பு. பிளக் முனையில் புகுந்த ஈரம் நார்களுக்கு இடையிலேயே ஊர்ந்து மேலே ஏறியிருக்கிறது. வெளியே உறையில் ஒரு கீறலும் தெரியவில்லை. பளபளக்கும் செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போனேன். கறுத்த செம்பில் எந்த இணைப்பும் நிலைக்காது. மற்ற மூன்று வயர்களும் அதே தண்ணீரில்தான் இருந்தன என்பதால், பிளக்கோடு வயர் பொருத்தியே விற்கப்படும் புதிய முனையை வாங்கி நான்கையும் மாற்றினேன்.

இணைப்புகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வயரை வெட்டாமலே மேலே வைத்து அழுத்தினால் போதும், உள்ளிருக்கும் தகடு உறையைக் கிழித்துச் செம்பைத் தொட்டுக்கொள்ளும் என்று சொல்லி விற்கும் பிளாஸ்டிக் கிளிப்புகள் இருக்கின்றன. வீட்டுக்குள், காய்ந்த இடத்தில், அசையாத வயருக்கு அவை போகட்டும். வண்டியின் அடியில் அவை நாரை வெட்டும், தண்ணீருக்குக் கதவு திறந்து வைக்கும். இந்த வண்டியில் முன்பு யாரோ மாட்டியிருந்தவை அத்தனையையும் எடுத்து எறிந்தேன். பதிலுக்குப் போட்டவை கிரிம்ப் இணைப்பிகள், அதாவது வயரை உள்ளே விட்டு நசுக்கிப் பிடிக்க வைக்கும் உலோகக் குழல்கள். அவற்றின் மேல் உட்புறம் பசை பூசிய சுருங்கு குழாய். சூடு காட்டினால் குழாய் சுருங்கும், பசை உருகி இரு முனைகளிலும் வழிந்து அடைத்துவிடும். ஈயம் வைத்துப் பற்ற வைப்பதை விரும்புகிறவர்கள் உண்டு. ஆனால் ஈயம் நார்களுக்குள் ஊறி நிற்கும் எல்லையில் வயர் விறைத்துவிடுகிறது, அதிர்வில் அங்கேதான் ஒடிகிறது. பற்ற வைத்தே ஆக வேண்டும் என்றால் இணைப்பின் இரு பக்கமும் வயர் ஆடாதபடி கட்டிவிட வேண்டும்.

அடுத்தது டிரெய்லர். இதற்கு வண்டி தேவையே இல்லை. தனி 12 வோல்ட் பேட்டரி ஒன்று, அதன் பாசிட்டிவ் வயரில் 10 ஆம்பியர் ஃபியூஸ். நெகட்டிவை வெள்ளையில் மாட்டிவிட்டு, பாசிட்டிவால் பழுப்பு, மஞ்சள், பச்சை என்று ஒவ்வொன்றாகத் தொட வேண்டும். எது எரிய வேண்டுமோ அது மட்டும் எரிய வேண்டும். ஒன்று முக்கியம்: டிரெய்லர் அப்போது வண்டியோடு கோக்கப்பட்டிருக்கக் கூடாது. கோத்திருந்தால் வண்டியின் கொக்கிக் குண்டும் அதன்மேல் உட்காரும் டிரெய்லரின் கப்ளரும் தொடும் இடம் வழியாக எர்த் திருட்டுத்தனமாகக் கிடைத்துவிடும். குண்டில் கிரீஸ் பூசியிருக்கிறோம், அது ஆடிக்கொண்டும் இருக்கிறது. அதை நம்பித்தான் பல டிரெய்லர்கள் வெள்ளை வயர் அறுந்த பிறகும் ஏனோதானோ என்று எரிகின்றன. நின்ற இடத்தில் எல்லாம் சரியாக எரிந்து, ஓட்டும்போது மட்டும் விளக்கு துடிக்கிறது என்றால் முதல் சந்தேகம் அங்கேதான்.

பழுப்பைத் தொட்டதும் எல்லாப் பின்விளக்குகளும் எரிந்தன, ஆனால் சோகையாக. மஞ்சளையும் பச்சையையும் சேர்த்துக் கொடுத்தேன், பிரேக் மிதித்த நிலை. முன்பு பார்த்த அதே சோர்வு. பழுது டிரெய்லருக்குள்ளும் இருக்கிறது என்பது உறுதியாயிற்று.

கணக்கைப் பார்த்தால் காரணம் எளிதில் தெரியும். 5 வாட் விளக்குகள் ஐந்து: 25 வாட். 21 வாட் பிரேக் இழைகள் இரண்டு: 42. மொத்தம் 67 வாட், ஏறக்குறைய 5.6 ஆம்பியர். மஞ்சளில் போவது 1.75 ஆம்பியர்தான், பச்சையிலும் அவ்வளவே. போனது எல்லாம் திரும்பி வருவதோ ஒரே வெள்ளை வயரில். எர்த் இணைப்பில் ஒரு ஓமுக்கும் குறைவான தடை இருந்தாலே பல வோல்ட் அங்கே கரைந்துவிடும். இழை பல்பின் வெளிச்சம் வோல்டேஜுக்கு நேர் விகிதத்தில் குறைவதில்லை, அதைவிட வெகு வேகமாகக் குறையும். 12-க்குப் பதில் 10 வோல்ட் கிடைத்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட பாதி. எத்தனை விளக்கு கூடுதலாக எரிகிறதோ அத்தனைக்கு எர்த்தில் இழப்பும் கூடும். இடது இண்டிகேட்டர் சிமிட்டும்போது வலது பின்விளக்கு எதிர்த்தாளம் போட்டதும், பிரேக் மிதித்தால் எல்லாம் மங்கியதும் இதனால்தான்.

எர்த் முழுவதுமாக அறுந்துவிட்டால் கூத்து இன்னும் பெரிது. டிரெய்லரின் பழுப்பு வண்டியின் பின்விளக்குச் சுற்றோடு நேரடியாக இணைந்திருந்தால், முன்வாசலை அடைத்ததும் கொல்லைப்புறமாக வெளியேறும் கூட்டம்போல, இண்டிகேட்டர் மின்சாரம் பின்விளக்கு இழைகள் வழியே பழுப்பில் ஏறி, வண்டியின் சொந்தப் பின்விளக்குகள் மூலமாக எர்த்தைத் தேடிக்கொள்ளும். இண்டிகேட்டர் போட்டால் சம்பந்தமே இல்லாத விளக்குகள் மினுக்கும் மர்மத்துக்குப் பெரும்பாலும் விளக்கம் இதுதான். இன்னொன்றும் உண்டு. இரட்டை இழை பல்பில் ஒரு இழை அறுந்து மற்றொன்றின் மேல் சாய்ந்துவிட்டாலும் பின்விளக்கும் பிரேக்கும் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஆகவே கண்ணாடியைக் கழற்றிப் பல்பை வெளிச்சத்தில் பிடித்து ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. என் பல்புகளில் குறை இல்லை.

எர்த்தை அளக்கும் முறை இது. எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டிருக்க, மீட்டரின் கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில். சிவப்பு முனையை ஒவ்வொரு இடமாக வைத்துக்கொண்டே போக வேண்டும். நல்ல எர்த் என்றால் எண் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். வலது விளக்கின் உலோகத் தாங்கியில் 3.7 வோல்ட். பின்விளக்கு மட்டும் எரியும்போது அதுவே 1.6. இழுவைத் தண்டில் வெள்ளை வயர் திருகப்பட்ட இடத்துக்குப் பக்கத்து இரும்பில் 3.6. அந்தத் திருகுக்குக் கீழே இருக்கும் வளையத்தில் வைத்தால் 0.1. பின்னால் இருக்கும் நீண்ட சட்டம் முழுவதிலும் இழப்பு வெறும் 0.1 வோல்ட், வளையத்துக்கும் இரும்புக்கும் நடுவே, காகிதத் தடிமன்கூட இல்லாத இடைவெளியில், 3.5 வோல்ட். திருகைக் கழற்றினால் கீழே பெயிண்ட், பெயிண்டுக்குக் கீழே துரு. மின்சாரம் திருகின் மரை வழியாக மட்டும் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

அந்த இடத்தைச் சுரண்டிப் பளபளப்பாக்கி, பல் வைத்த வாஷர் போட்டு முறுக்கினாலே பழுது தீர்ந்துவிடும். அதையும் செய்தேன், முறுக்கிய பிறகு மேலே பெயிண்ட் அடித்து மூடினேன். ஆனால் சட்டத்தை எர்த்தாக நம்புவது எனக்கு அடியோடு பிடிக்காது. அதில் போல்ட் இணைப்புகள் உண்டு. சாய்த்துக் கொட்டும் வகை என்றால் கீலே வழியில் நிற்கும். ஒவ்வொரு விளக்குக் கூட்டும் அதன் திருகை நம்பி நிற்கிறது. அதனால் ஒவ்வொரு விளக்குக்கும் தனி வெள்ளை வயர் இழுத்தேன். வயர் தடிமனிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயருக்கு மீட்டருக்குச் சுமார் 12 மில்லிஓம் தடை. ஆறு மீட்டரில் 5.6 ஆம்பியர் போனால் 0.4 வோல்ட் வீண். பொது எர்த் வழிக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டதால் அது கால் வோல்ட் அளவுக்குள் நின்றது. மற்ற வயர்களுக்கு 1.5 தாராளம்.

மூன்றாவது, ஃபியூஸ் போவது. பழுப்பு எங்கோ இரும்பைத் தொடுகிறது, ஆனால் எப்போதும் இல்லை. நின்ற இடத்தில் ஓம் அளந்தால் ஒன்றும் சிக்காது. பல்புகளைக் கழற்றாமல் அளந்தால் ஏமாற்றமும் சேரும்: குளிர்ந்த இழையின் தடை, எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கலாம். 21 வாட் பல்பு எரியும்போது 7 ஓம், குளிர்ந்திருக்கும்போது அரை ஓமை ஒட்டி. அதை ஷார்ட் என்று எண்ணிக்கொண்டு தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஃபியூஸை மாற்றி மாற்றிப் போட்டு, கடைசியில் பெரிய ஃபியூஸ் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வயரே ஃபியூஸாகிவிடும்.

எனக்குப் பிடித்த வழி, ஃபியூஸ் இருந்த இடத்தில் அந்த 21 வாட் சோதனை விளக்கையே மாட்டுவது. டிரெய்லரின் பின்விளக்கு, அடையாள விளக்கு, நம்பர் பிளேட் பல்புகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். வண்டியில் டிரெய்லர் பின்விளக்குக்கென்று தனி ஃபியூஸ் இருக்கிறது. அது இருந்த துளைகளில் விளக்கின் இரு முனைகள். பிளக்கை மாட்டிப் பின்விளக்கைப் போட்டாயிற்று. பழுப்பு எங்கும் தொடாதவரை சோதனை விளக்கு எரியாது. தொட்டால் முழு வெளிச்சத்தில் எரியும். எவ்வளவு நேரம் தொட்டுக்கொண்டிருந்தாலும் 1.75 ஆம்பியருக்கு மேல் போகாது, எதுவும் கருகாது. தம்பி ஃபியூஸ் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் முன்னாலிருந்து வயரைப் பிடித்து ஆட்டிக்கொண்டே பின்னால் போனேன்.

“ஒன்றும் இல்லை அண்ணா... ஒன்றும் இல்லை... எரிகிறது! அணைந்துவிட்டது. இப்போது என்ன செய்தீர்கள்?”

வயரை நான் தொடவே இல்லை. எழுந்திருக்க டிரெய்லரின் ஓரத்தில் கை ஊன்றினேன், அவ்வளவுதான். மறுபடி ஊன்றினேன், எரிந்தது. சுமை ஏறித் தளம் வளையும்போது மட்டும் தொடுகிறது. தளத்துக்குக் கீழே குறுக்குச் சட்டத்தில் வயர் புகுந்து போகும் துளையில் ரப்பர் வளையம் இல்லை. தகட்டின் விளிம்பு பழுப்பின் உறையை அறுத்துச் செம்பு வரை போயிருந்தது. பக்கத்தில் இருந்த மஞ்சளிலும் அதே வெட்டு பாதி ஆழத்தில். அதற்கு மேல் டேப் சுற்றி விடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை; வெயிலில் பசை இளகும், டேப் நழுவும், விளிம்பு அங்கேயே இருக்கும். துளையில் ரப்பர் வளையம் போட்டு, வயர்களை நெளிவுக் குழாய்க்குள் நுழைத்து, புதிதாக இழுத்தேன். வழி நெடுகக் கிளிப். இரண்டு கிளிப்புகளுக்கு நடுவே வயர் தொங்கவே கூடாது.

இவ்வளவும் இழை பல்புக்கான கதை. எல்.இ.டி. விளக்குகளில் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் மோசமான எர்த்திலும் அவை நன்றாகவே எரிந்து பழுதை மறைத்துவிடும். வேறு தொல்லையும் உண்டு. புதிய வண்டிகளில் பல்பு உயிரோடு இருக்கிறதா என்று கணினி அவ்வப்போது சிறு துடிப்புகள் அனுப்பிப் பார்க்கும். இழை பல்பு அதைக் கண்டுகொள்ளாது, எல்.இ.டி. மினுக்கும். வயரிங்கைக் குறை சொல்வதற்கு முன் இழை பல்பு ஒன்றை மாட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

ஐரோப்பாவின் 13 முனை பிளக்கில் அறிகுறிகளைப் படிக்கும் விதமே மாறும். அங்கே பிரேக்குக்கு 6-ஆம் முனையில் தனி சிவப்பு வயர், பின்விளக்கு வலதுக்கு 5, இடதுக்கு 7 என்று பிரிந்திருக்கும், விளக்குகளின் எர்த் 3-இல். ஒரு பக்கப் பின்விளக்கு மட்டும் போனால் இந்த முறையில் ஃபியூஸையும் சந்தேகிக்கலாம். பல வண்டிகளில் இரு பக்கத்துக்கும் தனித்தனி ஃபியூஸ். நான்கு வயர் முறையில் பழுப்பு ஒன்றே என்பதால், ஒரு பக்கம் மட்டும் போனால் ஃபியூஸ் காரணமாக இருக்க முடியாது. 7 முனை என்றால் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. அமெரிக்கத் தகட்டு முனையும் ஐரோப்பிய ஊசி முனையும் வேறு வேறு.

கடைசிச் சோதனை, எல்லாம் கோத்த பிறகு. ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்து மெதுவாகத் திருப்பி, பிளக் வயர் இழுபடுகிறதா, தரையில் உரசுகிறதா என்று பார்த்தேன். இடதுக்கு முழுதாகத் திரும்பும்போது விறைத்தது. கிளிப் ஒன்றைப் பின்தள்ளிக் கொஞ்சம் தொய்வு விட்டேன். பிளக் முனைகளில் மின்கடத்தாக் கிரீஸ் பூசினேன். பிரேக் மிதித்து அளந்தபோது வலது விளக்கின் எர்த்தில் 0.2 வோல்ட். நம்பர் பிளேட் விளக்கின் கூடு துருவேறிப் பல்பை உதிர்க்கிறது. அது வயரிங் பழுது அல்ல, புதுக் கூடு மாட்ட வேண்டும்.